புறம்போக்கு: வசவும் பாட்டும்

பிள்ளைகளே, சொந்தங்களே, வகுப்பில் யாராவது "புறம்போக்கு" என்று திட்டினால் நான் விடமாட்டேன், நினைவிருக்கும். வருவாய்க் கணக்கில் அது வசவு இல்லை. தீர்வை இல்லாத, யாருக்கும் பட்டா இல்லாத பொது இடம்: குளம், ஓடை, மேய்ச்சல் தரை, கழிமுகம். வரி வராததால்தான் சொல்லுக்கும் மதிப்புப் போயிற்று என்பேன்.

2017 ஜனவரியில் டி.எம்.கிருஷ்ணா அந்தச் சொல்லையே ராகமாலிகையாகப் பாடினார். சென்னைப் பேச்சில் எழுதியவர் கபேர் வாசுகி, மெட்டு ஆர்.கே.ஸ்ரீராம்குமார். படம் எடுத்தது சபாவில் இல்லை, அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தில். 2015 வெள்ளத்தில் மிதந்த ஊருக்கு, பெருமழைத் தண்ணீர் போகும் வழி புறம்போக்குதான் என்று எந்த அறிக்கையைவிடவும் அது நன்றாகச் சொன்னது.

திருவேங்கடம் கரிசல் பூமி, எண்ணூர் வெகுதூரம். ஆனாலும் ஓடைப் புறம்போக்கு இங்கேயும் உண்டு. வி.ஏ.ஓ.வாக இருக்கும் மாணவர்கள், உங்கள் ஊர் 'அ' பதிவேட்டைப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.