டை பாக்கெட்டில் ஒரு வரி

ஹேர் டை பாக்கெட்டுக்குள்ள மடிச்சு வெச்சிருக்கிற துண்டுச் சீட்டை முழுசா படிச்சிருக்கீங்களா மக்களே? இமைக்கோ புருவத்துக்கோ போடாதீங்க, கண்பார்வை போயிடலாம்னு அதுல ஒரு வரி இருக்கும். வக்கீல் யாரோ எழுதிக் கொடுத்த சம்பிரதாயம்னு நினைக்கத் தோணும். இல்லைங்க, நிஜமாவே பார்வை போயிருக்கு.

1856-ல லண்டன்ல வில்லியம் பெர்க்கின்ங்கிற 18 வயசுப் பையன், மலேரியாவுக்கு க்வினைன் செய்யப் போய் ஊதாச் சாயம் கண்டுபிடிச்சுட்டான். மூலப்பொருள் நிலக்கரித் தார். அப்புறம் தாரிலேர்ந்து சாயம் சாயமா வந்தது. துணிக்குப் போட்டவங்க தலைக்கும் போட ஆரம்பிச்சாங்க. அதுல முக்கியமானது பாராஃபினைலீன்டையமின், சுருக்கமா பிபிடி. குட்டி மூலக்கூறு, முடிக்குள்ள சுலபமா நுழையும். உள்ளே போய் பெராக்சைடோட வினைபுரிஞ்சு பெரிசாகி, கருத்து, வெளிய வர முடியாம மாட்டிக்கும். தலைக்குக் குளிச்சாலும் கருப்பு போகாததுக்கு இதான் காரணம். ஆனா சில பேர் உடம்புக்கு இது ஒத்துக்கவே ஒத்துக்காது. பயங்கர அலர்ஜி.

இதே பிபிடியோட லாஷ் லூர்னு ஒரு இமைச் சாயம் 1930-கள்ல அமெரிக்க அழகு நிலையங்களுக்கு வந்தது. 1933-ல ஒஹையோ மாநிலத்துல டேட்டன் ஊர்ப் பெண் ஒருத்தர், ஒரு விருந்துக்குப் போறதுக்காகப் போட்டுக்கிட்டாங்க. அன்னைக்கே எரிச்சல். மறுநாள் காலையில கண்ணைத் திறக்க முடியலை. கடைசியில பார்வையே போயிடுச்சு. இவங்க ஒருத்தர் மட்டுமில்ல, இன்னும் பல பேர் பாதிக்கப்பட்டாங்க.

அரசாங்கம் என்ன பண்ணுச்சுன்னு கேக்கறீங்களா? ஒண்ணும் பண்ண முடியலை! 1906-ல போட்ட சட்டம் உணவுக்கும் மருந்துக்கும் மட்டும்தான். அழகு சாதனம் அதுக்குள்ளயே வராது. எஃப்டிஏ அதிகாரிகள் அந்தப் பெண்ணோட முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு கண்காட்சி நடத்தினாங்க. பத்திரிகைக்காரங்க அதுக்குப் 'பயங்கரங்களின் அறை'ன்னு பேர் வெச்சாங்க. அப்பவும் சட்டம் நகரலை. 1937-ல ஒரு மருந்துல நச்சுக் கரைப்பான் கலந்து நூறு பேருக்கு மேல செத்த பிறகுதான் 1938-ல புதுச் சட்டம் வந்தது. அதுல முதல்ல பறிமுதல் ஆனது லாஷ் லூர்.

சுபம் போட்டுடலாமா? அவசரப்படாதீங்க :) அதே சட்டத்துல ஒரு ஓட்டை. தலைக்கான தார்ச் சாயத்துக்கு மட்டும் விலக்கு! எச்சரிக்கை வாசகமும், போடறதுக்கு முன்னாடி தோல்ல சோதிக்கிற முறையும் அச்சடிச்சுட்டா, அலர்ஜி தந்தாலும் விக்கலாம். நம்ம நாட்டு 1945 விதிகள்லயும் கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை அதே எச்சரிக்கை இருந்துச்சு. ஆக, காவல் வேலையை அந்தத் துண்டுச் சீட்டு தலையில கட்டியாச்சு.

சீட்டே இல்லாத இடமும் இருக்கு. மருதாணி தன்னால செக்கச்செவேல்னுதான் பிடிக்கும், கருப்பாப் பிடிக்காது. 'கருப்பு மெஹந்தி'ன்னு கையில போட்டுவிடறதுல பெரும்பாலும் இதே பிபிடிதான். அதுல கொப்புளம் வந்த பிள்ளைக்கு, பல வருஷம் கழிச்சு முதல் தடவையா டை அடிக்கும்போது முகமே வீங்கிப் போகலாம். வீட்டுக் கல்யாணத்துல கோன் பிடிக்க உக்காரும்போது, அது என்ன கருப்புன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.