வனிலாக் கொடியும் ஓர் அடிமைச் சிறுவனும்

பிறந்தநாள் கேக்கிலும் பனிக்கூழிலும் கமழும் வனிலாவின் மணத்தை அறியாதார் இலர். ஆயின், அம்மணத்தைத் தரும் செடி எது, அஃது எவ்வாறு வளர்கிறது என்று வினவினால் விடை கூறுவோர் சிலரே. தமிழில் இதனை 'வெண்ணிலா' என எழுதுவாரும் உளர். செவிக்கு இனிய அப்பெயர் ஒலி ஒப்புமையால் அமைந்ததேயன்றிப் பொருளால் அமைந்ததன்று. உறை என்னும் பொருள் தரும் இசுபானியச் சொல்லின் அடியாகப் பிறந்தது வனிலா என்னும் பெயர். மெலிந்து நீண்ட காயைக் கண்டோர் அதனைச் 'சிற்றுறை' என அழைத்தனர். அவர்களுக்கு முன்பே இதனை அறிந்திருந்த அசுடெக் மக்கள் தம் மொழியில் இதற்குக் 'கரும்பூ' என்று பெயரிட்டிருந்தனர். பூ கருமையானதன்று, பதப்படுத்திய காயே கருமையானது.

இக்கொடியின் வரலாறு ஒரு செடியின் வரலாறு மட்டுமன்று. மனிதரின் அறிவைப் பிறப்பாலும் நிறத்தாலும் அளந்த ஒரு காலத்தில், பள்ளி வாயிலை மிதித்தறியாத ஒரு சிறுவன் உலகுக்கு அளித்த கொடையின் வரலாறும் ஆகும்.

கொடியின் தாயகம்

வனிலா ஆர்க்கிடு இனத்தைச் சார்ந்த கொடி. பல்லாயிரம் வகைகளைக் கொண்ட அப்பெருங்குடும்பத்தில் உணவுப் பொருளுக்காகப் பெருமளவில் பயிரிடப்படுவது இஃதொன்றே எனலாம். நம் தீபகற்பக் காடுகளிலும் வனிலா இனத்துக் கொடிகள் சில இயல்பாக வளர்வதுண்டு. எனினும், வாணிகத்திற்குரிய மணமிக்க காயைத் தரும் கொடியின் தாயகம் மெக்சிகோவும் அதனை அடுத்த நடு அமெரிக்கக் காடுகளுமே. மெக்சிகோ வளைகுடாக் கரையில் வாழும் தொத்தோனாக்கு மக்கள் இதன் காயைப் பதப்படுத்தும் கலையில் தேர்ந்தவர்கள். அசுடெக் மன்னர்கள் கொக்கோ பானத்தில் இதனைக் கலந்து பருகினர். 1519ஆம் ஆண்டில் இசுபானியர் அந்நாட்டில் இறங்கிய பின்னர், கொக்கோவும் வனிலாவும் இணைந்தே ஐரோப்பாவுக்குக் கப்பலேறின.

அதன்பின் முந்நூறு ஆண்டுகள் வனிலா வாணிகம் மெக்சிகோவின் தனியுடைமையாகவே இருந்தது. பிறநாட்டார் கொடியைக் கொண்டு செல்லாமல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அஃது ஐரோப்பியக் கண்ணாடிக் கூடங்களில் வளர்ந்தது. அங்கிருந்து சாவகத்தை அடைந்தது. இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ரீயூனியன் தீவையும் அடைந்தது. சென்ற இடமெல்லாம் கொடி செழித்தது, பூவும் பூத்தது. காய் மட்டும் காய்க்கவில்லை.

மலருக்குள் ஒரு திரை

காய்க்காமைக்குக் காரணம் மலரின் அமைப்பே. வனிலாவின் மலர் பசுமை கலந்த மஞ்சள் நிறமுடையது. மகரந்தமும் சூல்முடியும் ஒரே மலருக்குள் அருகருகே இருக்கின்றன. ஆயினும், மெல்லிய நாக்குப் போன்ற ஒரு மடல் இரண்டுக்கும் இடையே திரையாக நிற்கிறது. அத்திரையை விலக்கி மகரந்தத்தைச் சூல்முடியில் சேர்ப்பார் இல்லையேல் கரு உருவாவதில்லை. போதாக்குறைக்கு, காலையில் விரியும் மலர் நண்பகலுக்குள் வாடத் தொடங்கிவிடும். இயற்கை அம்மலருக்குத் தந்த தவணை அந்தச் சில மணி நேரமே.

தாயகத்தில் அப்பணியைச் செய்யத் தேனீக்கள் இருந்தன. மெலிபோனா எனப்படும் கொடுக்கற்ற சிறு தேனீயே அதனைச் செய்கிறது என நெடுங்காலம் கூறி வந்தனர். உலோகம் போல் மின்னும் யூக்ளோசின் தேனீக்களே அதற்கு உரியவை என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் கருத்து. எதுவாயினும், கொடி கடல் கடந்தபோது தேனீ உடன் வரவில்லை.

1836ஆம் ஆண்டில் பெல்சியத்தின் லியேஜ் நகரில், சார்லஸ் மொரன் என்னும் தாவரவியல் பேராசிரியர் தம் கண்ணாடிக் கூடத்து வனிலா மலர்களுக்குக் கையாலேயே மகரந்தச் சேர்க்கை செய்து காய்களைப் பெற்றார். அறிவியல் உலகில் முதன்மை அவருக்கே உரியது. எனினும், அவர்தம் முறை ஆய்வுக் கூடத்தோடு நின்றது. தோட்டத்துக்கு வந்து சேரவில்லை.

பன்னிரண்டு வயதுச் சிறுவன்

ரீயூனியன் தீவின் சான்-சூசான் என்னும் ஊரில் 1829ஆம் ஆண்டில் எட்மண்ட் பிறந்தான். தாய் மெலீசு ஓர் அடிமைப்பெண். மகனைப் பெற்றபோதே மாண்டாள். அடிமைக்குக் குடும்பப் பெயர் இல்லை என்பது அக்காலத்து வழக்கம். ஆகவே, அவன் வெறும் எட்மண்ட். பெல்லியே-போமோன் என்னும் தோட்ட உரிமையாளரிடம் அவன் வளர்ந்தான். செடிகொடிகளில் பெருவிருப்புடைய அவர் தோட்டத்தைச் சுற்றி வரும்போதெல்லாம் சிறுவனையும் உடனழைத்துச் சென்றார். எழுத்தறிவு அவனுக்குக் கிட்டவில்லை, செடியறிவு கிட்டியது. பூசணி இனக் கொடியொன்றில் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் சேர்க்கும் முறையை அவர் ஒருநாள் அவனுக்குக் காட்டினார்.

1841ஆம் ஆண்டு. பல ஆண்டுகளாகக் காய்க்காமல் நின்ற தம் வனிலாக் கொடியில் காய்கள் தொங்குவதைப் பெல்லியே-போமோன் கண்டார். வியந்து நின்றவரிடம், அவற்றை உண்டாக்கியவன் தானே எனப் பன்னிரண்டு வயது எட்மண்ட் கூறினான். அவர் முதலில் நம்பவில்லை. பின்னர் மேலும் ஒரு காயைக் கண்டதும், செய்து காட்டுமாறு பணித்தார். சிறுவன் மலரின் இதழைப் பிளந்தான். சிறு குச்சியின் நுனியால் இடைத்திரையை மேலே தூக்கினான். பெருவிரலால் மகரந்தத்தைச் சூல்முடியின்மேல் மெல்ல அழுத்தினான். சில நொடிகளில் செயல் முடிந்தது.

செய்தி தீவெங்கும் பரவியது. தோட்டம் தோட்டமாக எட்மண்ட் அழைத்துச் செல்லப்பட்டான். பிற அடிமைகளுக்கு அக்கைவினையைக் கற்பித்தான். 1848ஆம் ஆண்டில் ஏறத்தாழ 50 கிலோகிராம் வனிலாவையே ஏற்றுமதி செய்த அத்தீவு, அந்நூற்றாண்டின் இறுதியில் 200 டன் அளவை எட்டியது. கொடியும் கைவினையும் அங்கிருந்து மடகாசுகருக்குச் சென்றன. உலக வனிலாவின் பெரும்பகுதியை இன்று விளைவிப்பது அந்நாடே. அங்கும் பிற நாடுகளிலும் இன்றுவரை கையாளப்படுவது எட்மண்டின் முறையே.

கொடியைப் பேணும் முறை

வனிலாவை விதையிட்டு வளர்ப்பதில்லை. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள தண்டை வெட்டி, வெட்டுவாய் உலர்ந்தபின் நடுவர். கொழுகொம்பாக உயிருள்ள மரமே சிறந்தது. மலாய் மொழியில் டாடாப் எனப்படும் கல்யாணமுருங்கையும் கிளைரிசிடியாவும் ஏற்றவை. அவற்றின் இலைகள் வடிகட்டித் தரும் அரைநிழலே கொடிக்கு வேண்டுவது. முழு வெயில் இலையைப் பொசுக்கும். முழு நிழலோ பூவைத் தடுக்கும். வேர்கள் ஆழமாகச் செல்வதில்லை. ஆதலால், மட்கிய இலையும் தழையும் கொண்டு அடியை மூடி வைத்தல் வேண்டும். நீர் தேங்கினால் வேரழுகல் நோய் தாக்கும். ஒரு கொடியில் தொடங்கும் அழுகல் தோட்டத்தையே அழித்துவிடக்கூடும்.

தன் போக்கில் விட்டால் கொடி மர உச்சிக்கு ஏறிவிடும். கைக்கெட்டும் உயரம் வந்ததும் அதனைக் கீழே வளைத்துத் தொங்கவிடுவர். இவ்வளைவு பூப்பதற்கும் துணை செய்கிறது. நட்ட மூன்றாம் ஆண்டளவில் பூக்கள் தோன்றும். ஒரு கொத்தில் பல மொட்டுகள் இருப்பினும் நாளொன்றுக்கு ஓரிரண்டே விரியும். ஆகவே, பூக்கும் பருவத்தில் உழவர் ஒவ்வொரு காலையும் கொடிதோறும் செல்ல வேண்டும். பூத்தவை அனைத்துக்கும் சேர்க்கை செய்வதும் தவறு. சுமை மிகுந்தால் கொடி நலியும்.

காய் முற்றுவதற்கு எட்டு முதல் ஒன்பது திங்கள் ஆகும். பறித்த பச்சைக்காய்க்கு மணமில்லை. அதனை வெந்நீரில் சற்று நேரம் அமிழ்த்தி, கம்பளியில் பொதிந்து வியர்க்கவிட்டு, நாள்தோறும் சில மணி நேரம் வெயிலில் காயவைத்து, பின் நிழலில் உலர்த்தி, பெட்டிகளில் பல திங்கள் மூடி வைப்பர். அப்போதுதான் காய் கருத்து மணம் கமழும். ஐந்தாறு கிலோகிராம் பச்சைக்காய் ஒரு கிலோகிராமாகச் சுருங்கும். 1874ஆம் ஆண்டில் வேதியியலார் இதன் மணப்பொருளைச் செயற்கையாக ஆக்கினர். இன்று கடைப் பண்டங்களில் நாம் நுகர்வது பெரும்பாலும் அச்செயற்கை மணமே. எனினும், இயற்கை வனிலாவின் மதிப்பு குன்றவில்லை. அதன் விலையில் பெரும்பங்கு மனிதக் கைகளின் உழைப்பே.

பெயர் யாருக்கு?

தீவுக்குச் செல்வம் சேர்த்தவனின் வாழ்வு எவ்வாறு அமைந்தது? 1848ஆம் ஆண்டில் ரீயூனியனில் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்றவர்களுக்குக் குடும்பப் பெயர் வழங்கினர். அவர் எட்மண்ட் அல்பியஸ் ஆனார். பெயர் கிடைத்தது, பொருள் கிடைக்கவில்லை. தலைநகரில் சமையற்கூடப் பணியாளராக வேலை செய்தார். திருட்டுக் குற்றத்திற்காகச் சிறைத் தண்டனை பெற்றார். வனிலாத் தொழிலுக்கு அவர் ஆற்றிய உதவி எடுத்துரைக்கப்பட்டதால், காலம் முடியுமுன் விடுவிக்கப்பட்டார்.

அவர்தம் புகழையும் பறிக்க முயன்றோர் இருந்தனர். பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஒருவர், தாமே முன்னர்த் தீவில் இம்முறையைக் காட்டியதாகவும், சிறுவன் அதனைப் பார்த்துக் கற்றிருக்க வேண்டும் என்றும் கூறினார். அதனை மறுத்து எழுதியவர் முன்னாள் எசமானர் பெல்லியே-போமோனே. தீவினர் அம்முறையை முன்பே அறிந்திருந்தால், தம் தோட்டங்களுக்கு எட்மண்டை அழைத்துக் கற்றது எதற்கு? இவ்வினாவுக்கு விடை இல்லை. ஆயினும், ஓர் அடிமையின் அறிவு மெய்யென்று நிலைபெற எசமானரின் சான்று தேவைப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. 1880ஆம் ஆண்டில் அல்பியஸ் பிறந்த ஊரிலேயே வறியவராக இறந்தார். அவ்வூரில் இன்று அவருக்கு நினைவுச்சின்னம் உண்டு.

அடிமை முறை ஒழிந்தபின் அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் ஒப்பந்தக் கூலிகளாக அங்குச் சென்றனர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர். அதே நூற்றாண்டில் நம் முன்னோர் மலாயாவுக்குக் கப்பலேறினர். பால்மரத்தின் பட்டையை மரம் நோகாமல் சீவும் நுட்பத்தை அவர்தம் விரல்கள் கற்றன. விதையைக் கொணர்ந்தவர், வெட்டும் முறையை வகுத்தவர் ஆகியோரின் பெயர்கள் நூல்களில் உள்ளன. நாள்தோறும் விடியுமுன் எழுந்து அம்முறைக்கு உயிர் தந்தவர்களின் பெயர்களோ தோட்டத்துப் பெயர்ப்பதிவேட்டோடு மறைந்தன. வனிலாவின் வரலாற்றில் அத்தகைய ஒரு பெயரேனும் தப்பியிருக்கிறது.

நம் பள்ளித் தோட்டங்களில் வனிலாவை வளர்த்தல் அரிதன்று. நிழல் தரும் ஒரு மரமும், ஒரு முழத் தழையுரமும், மூன்றாண்டுப் பொறுமையும் போதும். பூ மலரும் காலையில் ஆசிரியர் மாணவரை அழைத்துச் சென்று, குச்சியால் திரையை நீக்கிப் பெருவிரலால் அழுத்தச் செய்யலாம். அந்த அசைவை ரீயூனியன் மக்கள் இன்றும் 'எட்மண்டின் கையசைவு' என்றே வழங்குகின்றனர். பாடம் அறிவியலாயினும், அப்பெயரையும் சேர்த்துச் சொல்லித் தருதல் வேண்டும். பன்னிரண்டு வயது மாணவர்க்கு அதனினும் சிறந்த வரலாற்றுப் பாடம் வேறில்லை.