சியோல் நகரின் கிரிவலம்

கொரியாவில் இரண்டு வருடம் பாடம் நடத்திவிட்டு வந்தவன் என்று தெரிந்தால், மந்தைவெளி நண்பர்கள் வழக்கமாக மூன்று கேள்விகள் கேட்பார்கள். சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்? குளிர் எப்படி? அவர்களும் 'அம்மா, அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்களாமே? மூன்றுக்கும் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் யாரும் கேட்காத ஒன்றைப் பற்றி இன்று எழுதுகிறேன். சியோல்வாசிகளுக்கும் அவர்கள் ஊர் மலைக்கும் உள்ள உறவைப் பற்றி.

மலையின் பெயர் புக்கான்சான். நகரத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. மெட்ரோ ரயிலில் ஏறி இறங்கி, ஒரு டவுன் பஸ் பிடித்தால் அடிவாரம். 1983ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பரப்பு சுமார் 80 சதுர கிலோமீட்டர். நம் கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு புரியும். அதன் மிக உயர்ந்த சிகரம் பேகுந்தே, 836 மீட்டர். நம் திருவண்ணாமலை 2668 அடி, அதாவது 813 மீட்டர். கிட்டத்தட்ட ஒரே உயரம். இந்த ஒப்பீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

2010 அக்டோபர் கடைசி வார இறுதியில் நாங்கள் நாலு பேர் அங்கே போனோம். நான், என் துறையில் இருந்த மூத்த கொரியப் பேராசிரியர், அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இரண்டு தமிழ்ப் பையன்கள். இலையுதிர்காலத்தில் மேப்பிள் இலைகள் ரத்தச் சிவப்பாக மாறும். எந்த மலையில் எந்தத் தேதியில் நிறம் உச்சத்தில் இருக்கும் என்று அங்கே செய்தியிலேயே சொல்வார்கள். நாங்கள் போனது அந்த உச்சத் தேதியை ஒட்டி. விளைவு, குபாபால் ஸ்டேஷனில் இறங்கியதுமே தெரிந்தது. பஸ்ஸுக்கு வளைந்து வளைந்து நின்ற வரிசையில் பெரும்பாலும் ஐம்பது, அறுபது தாண்டியவர்கள். ஆளுக்கொரு முதுகுப்பை, இரண்டு கைத்தடி, பச்சையும் ஊதாவுமாகக் கண்ணைப் பறிக்கும் மலையேற்ற உடுப்பு. "சார், அறுபத்துமூவர் கூட்டம் மாதிரி இருக்கு" என்றான் மயிலாப்பூர்ப் பையன்.

உண்மையில் அப்படித்தான் இருந்தது. உச்சிக்கு முன்னால் கடைசிப் பகுதி வழுக்குப் பாறை. இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். அங்கே ஏறுகிறவர்கள் ஒரு வரிசை, இறங்குகிறவர்கள் ஒரு வரிசை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். யாரும் தள்ளவில்லை. முன்னால் நின்ற பெண்மணி வெள்ளரிக்காயை நீளவாக்கில் வெட்டி எங்களுக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். உச்சிப் பாறையில் கொரியக் கொடி பறக்கிறது. பக்கத்தில் பாறையிலேயே 1919 மார்ச் முதல் தேதி சுதந்திரப் பிரகடனத்தைப் பற்றிய வாசகம் செதுக்கியிருக்கிறது. அன்று சியோல் பூங்காவில் பிரகடனத்தை வாசித்த ஜோங் ஜே யோங் செதுக்கியது. நம் ஜாலியன்வாலா பாக் அடுத்த மாதம் நடந்தது என்று சொன்னேன். பேராசிரியர் தலையை ஆட்டி, "ஒரே வசந்தகாலம்" என்றார்.

இந்த மலை சரித்திரத்தை விட்டு விலகி நின்றதே இல்லை. அதன் பிபோங் என்ற சிகரத்தில் ஒரு கல்வெட்டு இருந்தது. வெகுகாலம் அதை ஏதோ ஒரு துறவி வைத்தது என்று நினைத்திருந்தார்கள். 1816ல் கிம் ஜோங் ஹீ என்ற அறிஞர் மேலே ஏறிப்போய்ப் படித்துப் பார்த்து, அது 6ஆம் நூற்றாண்டில் சில்லா அரசன் ஜின்ஹங் தன் எல்லையைக் குறிக்க நட்ட கல் என்று நிரூபித்தார். அசல் இப்போது தேசிய அருங்காட்சியகத்தில். மலை மேல் இருப்பது நகல். மஞ்சூரியப் படையெடுப்பில் அரசனே சரணடைய நேர்ந்த அவமானத்துக்குப் பிறகு, இனி ஆபத்து வந்தால் ஒதுங்குவதற்காக 1711ல் இந்த மலையைச் சுற்றி ஒரு கோட்டையும் கட்டினார்கள். அதன் மதில் ஓரமாகத்தான் நாங்கள் ஏறினோம்.

வெள்ளரிக்காய் தின்றுகொண்டே அந்தச் சிவப்பையும் மஞ்சளையும் பார்த்து, "எவ்வளவு புராதனமான காடு" என்றான் இன்னொரு பையன். பேராசிரியர் சிரித்துவிட்டார். "காடா? என்னைவிட வயதில் சின்னது" என்றார்.

அவர் சொன்னது வேடிக்கைக்கு அல்ல. கொரிய வீடுகளில் குளிருக்குத் தரைக்கு அடியில் சூடு ஓட விடுவார்கள். ஒந்தோல் என்று பெயர். அடுப்பில் எரிகிற நெருப்பின் புகை தரைக்கல்லுக்குக் கீழே ஊர்ந்து வெளியேறும். அருமையான ஏற்பாடு. ஆனால் அதற்கு ஒவ்வொரு வீட்டுக்கும் குளிர்காலம் முழுக்க விறகு வேண்டும். அதோடு ஜப்பானியர் ஆட்சி, பிறகு 1950 முதல் 53 வரை போர். போர் முடிந்தபோது ஒரு ஹெக்டேர் காட்டில் நின்ற மரம் சராசரியாகச் சுமார் 6 கன மீட்டர்தான். மலைகள் மொட்டை. மழை பெய்தால் மண் சரிந்து வயலை மூடும். பேராசிரியர் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, வகுப்போடு மலைக்கு அழைத்துப்போய்ப் பைன் மரத்துக் கம்பளிப்பூச்சிகளைக் குச்சியால் எடுத்து டப்பாவில் போடச் சொல்வார்களாம். மிச்சம் இருந்த மரத்தையாவது காப்பாற்றத்தான்.

ஏப்ரல் 5 மரம் நடும் நாள். 2005 வரை அது அரசு விடுமுறையாகவே இருந்தது. 1973ல் பத்தாண்டுத் திட்டம் ஒன்று போட்டார்கள். பத்து லட்சம் ஹெக்டேரில் மரம் நட வேண்டும், 1982க்குள். 1978லேயே முடித்துவிட்டார்கள். ஊர் ஊராக மக்களைத் திரட்டி நடவைத்த ஆட்சி பார்க் சுங் ஹீயுடையது. ராணுவப் புரட்சியில் வந்தவர், எதிர்ப்பைப் பொறுக்காதவர். மலைச்சரிவில் காட்டை எரித்துப் பயிர் செய்துவந்த ஏழைகளைக் கட்டாயமாகக் கீழே இறக்கினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். விறகுக்குப் பதிலாக வந்தது துளை போட்ட நிலக்கரிக் கட்டி. அதன் நச்சுப்புகை தரை விரிசல் வழியாகக் கசிந்து, தூக்கத்திலேயே இறந்துபோன குடும்பங்கள் ஏராளம். காடு இலவசமாகத் திரும்பி வரவில்லை. 2020 கணக்கில் அந்த 6 கன மீட்டர் சுமார் 165 ஆகியிருந்தது.

விறகுக்கும் இந்த மலைக்கும் இன்னொரு சம்பந்தமும் உண்டு. 1968 ஜனவரியில் வடகொரியா 31 கமாண்டோக்களை அதிபர் மாளிகையைத் தாக்க அனுப்பியது. வழியில் விறகு வெட்டிக்கொண்டிருந்த சகோதரர்கள் அவர்களைப் பார்த்துவிட்டார்கள். கமாண்டோக்கள் அவர்களைக் கொல்லாமல் மிரட்டி மட்டும் விட, அவர்கள் நேரே போலீசுக்குப் போனார்கள். அப்படியும் அந்தக் கூட்டம் புக்கான்சான் வழியாக இறங்கி மாளிகைக்குச் சில நூறு மீட்டர் வரை வந்துவிட்டது. அதன்பிறகு மலையின் ஒரு கணவாய்ப் பாதையை மக்களுக்கு மூடினார்கள். திறந்தது 2009ல்தான். அதுவும் பல ஆண்டுகள் முன்பதிவு செய்தால் மட்டும், ஒரு நாளைக்குச் சுமார் ஆயிரம் பேரைத்தான் விட்டார்கள்.

மற்றப் பாதைகளில் ஆயிரம் என்பது ஒரு மணி நேரக் கணக்கு. ஆண்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் வந்தார்கள். பரப்புக்கு அதிகமான ஜனம் வரும் தேசியப் பூங்கா என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 1997ல் பொருளாதாரம் சரிந்தபோது, வேலை போனதை வீட்டில் சொல்லாமல் காலையில் டை கட்டிக் கிளம்பி மலையில் பொழுது போக்கியவர்கள் உண்டு என்று பேராசிரியர் சொன்னார். 2004 முதல் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை படிப்படியாக வந்தது. 2007 ஜனவரியில் தேசியப் பூங்காக்களின் நுழைவுக் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். கூட்டம் மேலும் பெருகியது. கைகளால் நட்ட மலையைக் கால்களால் தேய்க்கும் நிலை. வேர்கள் வெளியே வந்துவிட்டன, பாதைகள் வாய்க்காலாகிவிட்டன.

இதற்கு அவர்கள் கண்ட வழிதான் என்னை வியக்க வைத்தது. சில பாதைகளுக்கு வருடக்கணக்கில் ஓய்வு கொடுப்பது 1991 முதலே வழக்கம். அதற்கு மேல் 2010ல் புதிதாக ஒன்று செய்தார்கள். மலை உச்சிக்குப் போகாமல், அடிவாரத்தைச் சுற்றியே ஒரு நடைபாதை. துல்லே கில் என்று பெயர். சுற்றுப்பாதை என்று பொருள். நாங்கள் போவதற்குச் சில வாரம் முன்புதான் முதல் 44 கிலோமீட்டர் திறந்திருந்தது. அடுத்த வருடம் சுற்று முழுமையாகி எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஆனது.

சனிக்கிழமை உச்சி ஏறிய முழங்கால் வலியோடு, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாதையில் நடந்தோம். பாட்டிகள், கைக்குழந்தையோடு வந்த தம்பதிகள், மலையேற முடியாத முதியவர்கள் எல்லாரும் நடந்தார்கள். பைன் மரத்தடியில் எங்கள் இட்லி மிளகாய்ப்பொடியைப் பேராசிரியர் ருசி பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு இட்லி கேட்டார். "இதை எங்கள் ஊரில் பல நூறு வருடமாகச் செய்கிறோம்" என்று கிரிவலத்தைப் பற்றிச் சொன்னேன். 14 கிலோமீட்டர், வெறுங்கால், பௌர்ணமி இரவு, லட்சக்கணக்கில் ஜனம். "யார் திட்டமிட்டது?" என்று கேட்டார். மலையே சிவன், அதனால் சுற்றித்தான் வருவோம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்களுக்கு ஒரு இலாகாவும் ஒரு பட்ஜெட்டும் வேண்டியிருந்தது" என்றார்.

அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது அந்தப் பெருமை பாதிதான் மிச்சம். 2018 மார்ச் 11ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். அதில் சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. 2024 டிசம்பர் 1ல் ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையிலேயே மண் சரிந்து, சரிவில் இருந்த வீட்டில் ஏழு பேர் புதைந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். மலையை வலம் வரத் தெரிந்த நமக்கு, அதன் மேல் வீடு கட்டாமல் இருக்கத் தெரியவில்லை. அல்லது, அங்கேதான் வீடு கட்ட முடியும் என்ற நிலையில் ஏழைகளை வைத்திருக்கிறோம். இரண்டும் ஒன்றுதான்.

அந்த வருடம் கார்த்திகை தீபத்துக்குப் பக்தர்கள் யாரும் மலை ஏறக்கூடாது என்று அரசாங்கம் தடுத்துவிட்டது. சிலருக்கு வருத்தம். எனக்கு அது சரி என்றே பட்டது. 1991 முதல் கொரியாக்காரர்கள் தங்கள் பாதைகளுக்குக் கொடுக்கும் ஓய்வை, நாம் ஏழு உயிர் போன பிறகு ஒரு வருடத்துக்காவது கொடுத்தோம். இனி மண் சரிந்த பிறகு கொடுக்காமல், முன்னாலேயே கொடுக்கலாம். தீபம் கீழே இருந்தும் தெரியும். அதற்காகத்தானே அதை மலை உச்சியில் ஏற்றினார்கள்.