பத்திரத்தில் எழுதிய கோடு



ஊருக்கும் சேரிக்கும் நடுவே கோடு கிழித்தது யார் என்று கேட்டால், வழக்கம் என்பார்கள். எழுத்தில் இல்லாத சட்டம் அது. அதே கோட்டை எழுதியே வைத்த நகரங்கள் அமெரிக்காவில் உண்டு. எழுதி வைத்ததால்தான் பின்னாளில் அகப்பட்டுக்கொண்டன.

1910ஆம் ஆண்டு பால்டிமோர் நகரில் ஜார்ஜ் மெக்மெக்கன் என்ற கறுப்பின வழக்கறிஞர், வெள்ளையர் வாழ்ந்த தெருவொன்றில் குடியேறினார். யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர் அவர். நகரம் படிப்பைப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்த்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நகரமன்றம் சட்டம் இயற்றியது. வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள இடத்தில் கறுப்பர் குடியேறக் கூடாது. கறுப்பர் பெரும்பான்மையாக உள்ள இடத்தில் வெள்ளையரும் கூடாது. பார்வைக்கு இருவருக்கும் ஒரே விதி! லூயிவில் உள்ளிட்ட நகரங்களும் இதைப் பின்பற்றின.

1917இல் லூயிவில் சட்டம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். மனித சமத்துவத்தைவிட, சொத்தை விரும்பியவருக்கு விற்கும் உரிமையே அத்தீர்ப்பின் அடித்தளம். சட்டத்திலிருந்து வெளியேறிய கோடு கிரயப் பத்திரத்தில் தங்கியது. மினியாபொலிஸ் நகரில் 1910இலேயே அப்படியொரு பத்திரம் எழுதப்பட்டிருந்தது. கறுப்பருக்கும் ஆசியருக்கும் இந்த மனையை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்பது நிபந்தனை. பிறகு மனைப்பிரிவு மனைப்பிரிவாக அது பரவியது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்ற தீர்ப்பு 1948இல்தான் வந்தது.

அதற்குள் மூன்றாவது வழியும் திறந்திருந்தது. நகரை மண்டலங்களாகப் பிரித்து, இங்கே தனிவீடு மட்டும் என்று விதிக்கும் அதிகாரத்தை 1926இல் யூக்ளிட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. தனிவீட்டுப் பகுதிக்குள் வரும் அடுக்குமாடியை ஒட்டுண்ணியோடு ஒப்பிட்டது தீர்ப்பு. 'ஒரு மனைக்கு ஒரு குடும்பம்' என்ற விதியில் நிறம் என்ற சொல் இல்லை. தேவையும் இல்லை. தனிவீடு வாங்கக் கடன் வேண்டும். கறுப்பர் வாழ்ந்த பகுதிகளையோ கடனுக்கு ஆபத்தானவை என்று 1930களில் அரசு நிறுவனமே வரைபடத்தில் சிவப்பால் குறித்தது. நிறம் செய்த வேலையைச் சதுர அடி செய்தது.

நூறாண்டு கழித்து, மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தன்னார்வலர்களோடு சேர்ந்து அந்தப் பழைய பத்திரங்களை ஒவ்வொன்றாகப் படித்து, மனை மனையாக வரைபடத்தில் குறித்தார்கள். கோடு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. 2018 டிசம்பரில் நகரமன்றம், தனிவீடு மட்டுமே என்றிருந்த பகுதிகளில் ஒரு மனையில் மூன்று வீடுகள் வரை கட்டலாம் என்ற திட்டத்தை ஏற்றது. அதை எதிர்த்து வழக்கும் நடந்தது. மூன்று வீட்டு விதியால் மட்டும் எழுந்த வீடுகள் சொற்பம். போக்குவரத்துத் தடங்களை ஒட்டிய அடுக்குமாடிகளே அதிகம். விதி மாறிய உடனே வாழ்க்கை மாறிவிடாது. ஆனாலும் பழைய ஏட்டைத் திறந்து பார்த்த பிறகு புதிய விதி எழுதப்பட்டது. நாம் கற்க வேண்டியது இதைத்தான்.

நம்மிடமும் ஓர் ஏடு இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையையடுத்து, 1892இல் பஞ்சமி நிலங்களுக்கான ஆணை பிறந்தது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அதன்பின்னும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அங்கே நம்மைப் போன்றோரை ஒதுக்க எழுதிய நிபந்தனை தலைமுறைகளாகக் காக்கப்பட்டது. இங்கே நம்மைக் காக்க எழுதிய நிபந்தனை தலைமுறைகளாக மீறப்பட்டது. அந்த நிலத்தைக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

இன்று நகரம் வளர்ந்து அந்தக் கிராமங்களை விழுங்குகிறது. வயல் மனைப்பிரிவாகிறது. விவசாய மண்டலம் குடியிருப்பு மண்டலமாகிறது. முழுமைத் திட்டங்கள் புதுப்பிக்கப்படுகின்றன, கட்டட விதிகள் 2019இல் ஒன்றிணைக்கப்பட்டன. இவை நவீனமானவை என்கிறார்கள். இருக்கட்டும். வண்ணம் தீட்டிய புதிய வரைபடத்தின் மேல் பஞ்சமி நிலங்களின் சர்வே எண்களை வைத்துப் பார்த்தார்களா என்பதே நம் கேள்வி.

மாணவர்களே, அதைச் செய்ய நீங்கள் போதும். ஊர் ஊராகப் போய்ப் பழைய ஏடுகளைப் பாருங்கள். சர்வே எண்ணைக் குறியுங்கள். திட்ட வரைவு வெளியாகி ஆட்சேபம் கேட்கும்போது வெறுங்கையோடு போகாதீர்கள், அந்த வரைபடத்தோடு போங்கள்.