சாய்வுப் பட்டை அச்சுப்பொறியும் ஸ்லைசர் மென்பொருளும்

கணினியில் வரைந்த உருவத்தை மெல்லிய அடுக்குகளாக வெட்டி, முப்பரிமாண அச்சுப்பொறியின் முனை செல்லவேண்டிய பாதையை எழுதித் தருவது ஸ்லைசர் எனப்படும் மென்பொருளாகும். நிறுத்திவைத்த வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்குவதுபோல, வழக்கமான ஸ்லைசர்கள் கிடைமட்டமாகவே வெட்டும். சாய்வுப் பட்டை அச்சுப்பொறிகள் வந்தபோது அந்த முறை நேரடியாகப் பயன்படவில்லை.

அச்சுத் தளத்துக்குப் பதிலாக ஓடும் பட்டையை வைக்கும் எண்ணம் பழையதே. மேக்கர்பாட் நிறுவனம் 2010-இலேயே அத்தகைய தளத்தை வெளியிட்டது. ஆனால் அதில் முடிந்த பொருளைத் தள்ளிவிடுவது மட்டுமே பட்டையின் வேலை. 2017-இல் நெதர்லாந்தின் பிளாக்பெல்ட் நிறுவனம் கிக்ஸ்டார்ட்டரில் அறிமுகம் செய்த பொறியில் முனை பட்டைக்குச் சாய்வாக இயங்கியது. அடுக்குதோறும் பட்டை சிறிது நகர்ந்தது. இதனால் பொருளின் நீளத்துக்கு வரம்பில்லாமற் போயிற்று.

இந்நிறுவனம் ஸ்லைசரைப் புதிதாக எழுதவில்லை. அல்டிமேக்கரின் திறமூல மென்பொருளான கியூராவை எடுத்துத் திருத்தியது. சாய்வாக வெட்டக் கற்பிப்பதைவிட, சாய்தளங்கள் கிடைமட்டமாக வரும்படி உருவத்தையே முதலில் சரித்துவிடுவது எளிது. சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் தள்ளுவது போன்றது இது. பழைய ஸ்லைசர் எப்போதும்போல வெட்டும். பின்னர் ஆயத்தொலைவுகள் பட்டைக்கேற்ப மாற்றப்படும்.

இங்கே பள்ளிக் கணிதம் போதும். சாய்வு 45 பாகை, அடுக்கின் தடிமன் 0.2 மி.மீ. எனில் பட்டை 0.2 அன்று, அதை √2-ஆல் பெருக்கிய 0.283 மி.மீ. நகர வேண்டும். இப்பெருக்கலை விட்டுவிட்டால் 300 மி.மீ. அளவுகோல் 212 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும்.

தாங்கிகளின் கணக்கும் மாறியது. கடைசியாக அச்சாகும் முனையை நோக்கி நீளும் கிடைக்கை தாங்கியின்றியே நிற்கும். முதலில் அச்சான முனையை நோக்கி நீள்வது அந்தரத்தில் தொடங்குவதால் அதற்குத் தாங்கி தேவை. மேலும் ஒவ்வோர் அடுக்கிலும் ஒரே ஒரு கோடுதான் பட்டையைத் தொடுகிறது. அக்கோடு ஒட்டாவிட்டால் பொருள் பெயர்ந்துவிடும் என்பதால் அதன் வேகத்தையும் நெகிழி அளவையும் தனியே அமைக்கும் வசதி சேர்க்கப்பட்டது. சிறியதாகத் தோன்றினாலும் நடைமுறையில் மிகவும் உதவிய திருத்தம் இதுவே எனலாம்.

வைட் நைட் என்ற திறமூலப் பட்டைப் பொறியை வடிவமைத்த கார்ல் பிரவுன், சீனாவின் நவோமி வூ ஆகியோரின் பங்களிப்புடன் கிரியாலிட்டி நிறுவனம் 2020 நவம்பரில் சிஆர்-30 பொறியை அறிமுகப்படுத்தியது. விலை குறைந்ததால் இது வீட்டு மேசைகளுக்கும் வந்தது. அதனுடன் கிடைத்த ஸ்லைசரும் கியூராவிலிருந்து கிளைத்ததே. கியூராவின் மூலநிரல் பூட்டப்பட்டிருந்தால் இந்நிறுவனங்களின் பொறிகள் வெறும் இரும்புச் சட்டங்களாகவே நின்றிருக்கும். உலாவியிலேயே இயங்கும் கிரி:மோட்டோ என்ற திறமூல ஸ்லைசரிலும் இப்போது பட்டைப் பொறிகளுக்கான வசதி உள்ளது.