ஏர் உழுத எஞ்சின், வண்டலூர் ரோவர்

பிசான உழவு தொடங்கிவிட்டால் தாமிரபரணிக் கரை வயல்களில் சிவப்பு நிற மாசி ஃபெர்குசன் டிராக்டர்கள் இறங்கிவிடும். சேரன்மாதேவியிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் வரப்போரம் நின்றால் அவற்றின் சத்தம் கேட்கும். சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் தயாரிப்புகள் அவை. அந்தச் சிவப்பு டிராக்டருக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு மூதாதை உண்டு. அதன் பெயர் ஃபெர்குசன் டி.ஈ.20. அதற்குள் இருந்த எஞ்சினின் கதை இது. வயலில் உழுத அதே எஞ்சின் குடும்பம் ஸ்போர்ட்ஸ் காரில் பறந்தது, பிறகு நம் வண்டலூருக்கு வந்து ஒரு தொழிற்சாலையின் கடைசி நாட்கள் வரை உடனிருந்தது. பழைய காரில் பெரிய எஞ்சினை ஏற்றலாமா, பிறந்த எஞ்சினையே வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

பிறந்த ஊர் இங்கிலாந்தின் கவென்ட்ரி. இரண்டாம் உலகப் போரின்போது பேனர் லேன் தொழிற்சாலையில் விமான எஞ்சின்கள் செய்துகொண்டிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனிக்கு, போர் முடிந்ததும் வேறு வேலை தேவைப்பட்டது. ஹாரி ஃபெர்குசனிடம் டிராக்டர் இருந்தது, அதைச் செய்ய ஆலை இல்லை. இருவரும் கை கோத்தார்கள். டிராக்டருக்கும் தங்கள் வான்கார்டு காருக்கும் பொதுவாக நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை ஸ்டாண்டர்டு உருவாக்கியது. 1947 முதல் அது டிராக்டரில் ஓடியது.

அதன் தனிச்சிறப்பு வெட் லைனர். சாதாரண எஞ்சினில் சிலிண்டர் தேய்ந்துவிட்டால் பிளாக்கையே இறக்கி, லேத் பட்டறைக்குத் தூக்கிப்போய் போர் போட வேண்டும். இதில் சிலிண்டர் ஒவ்வொன்றும் தனிக் குழாய். பிளாக்குக்குள் இறக்கி வைத்த அந்தக் குழாயைச் சுற்றி ரேடியேட்டர் தண்ணீர் நேராகவே ஓடும். தேய்ந்த குழாயை உருவிவிட்டுப் புது லைனரும் பிஸ்டனும் போட்டால் வேலை முடிந்தது. இதை வயல்வெளியில் ஒரு விவசாயியே செய்துகொள்ளலாம். கவனிக்க வேண்டியவை இரண்டு: லைனர் அடியில் எட்டு வடிவ கேஸ்கெட் சரியாக உட்கார வேண்டும், லைனரின் மேல் விளிம்பு பிளாக் மட்டத்தைவிட மயிரிழை உயர்ந்து நிற்க வேண்டும். தவறினால் தண்ணீர் கீழே ஆயிலில் இறங்கிவிடும்.

1953இல் ஸ்டாண்டர்டு நிறுவனத்தார் தங்கள் டிரையம்ப் டி.ஆர்.2 என்ற இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்த எஞ்சினைத்தான் எடுத்தார்கள். வான்கார்டில் அதன் அளவு 2,088 சிசி. இரண்டு லிட்டருக்கு உட்பட்ட பந்தயப் பிரிவில் நுழைய அது சற்றே பெரிது. எனவே 85 மி.மீ. லைனருக்குப் பதில் 83 மி.மீ. லைனர் போட்டு 1,991 சிசி ஆக்கினார்கள். இரட்டைக் கார்ப்பரேட்டரோடு 90 குதிரைச் சக்தி வந்தது. அதே ஆண்டு மே மாதம் பெல்ஜியத்தின் ஜபேக் சாலையில், வேகத்துக்கென்று தயார் செய்த டி.ஆர்.2 ஒன்று மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டியது. ஏர் உழுத எஞ்சின் குடும்பத்துக்கு அது சாதாரணச் சாதனை அல்ல.

அடுத்து வந்த டி.ஆர்.3இல் சக்தி இன்னும் கூடியது. சக்தியோடு நிறுத்தாமல் 1956இல் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கொடுத்தார்கள். எஞ்சினைக் கூட்டுகிறவன் பிரேக்கையும் கூட்ட வேண்டும் என்ற கணக்கு அந்தத் தொழிற்சாலைக்குத் தெரிந்திருந்தது. 1961இல் வந்த டி.ஆர்.4இல் 86 மி.மீ. லைனரோடு 2,138 சிசி. இதே லைனர்களை டி.ஆர்.3 பிளாக்கிலும் இறக்கலாம். 87 மி.மீ. வரை போனால் ஏறத்தாழ 2,187 சிசி. எஞ்சினை மாற்றாமல், பிளாக்கில் பொறித்த எண்ணையும் தொடாமல் எஞ்சினைப் பெரிதாக்க வழி அதற்குள்ளேயே இருக்கிறது. பெரிய எஞ்சின் வேண்டும் என்று துடிக்கும் நண்பர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்.

கண்மூடித்தனமாக எஞ்சினை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து வீட்டுப் பாடம் எம்.ஜி. கார்களுடையது. எம்.ஜி.பி.யின் முன்பக்கத்தில் கனத்த ஆறு சிலிண்டர், 2,912 சிசி எஞ்சினைத் திணித்து 1967இல் எம்.ஜி.சி. என்று விட்டார்கள். மூக்கு கனத்தது, வளைவில் வண்டி திரும்ப மறுத்தது, 1969இல் கதை முடிந்தது. பிறகு கென் காஸ்டெல்லோ என்பவர் அதே எம்.ஜி.பி.யில் ரோவரின் 3,528 சிசி வி8 எஞ்சினைத் தம் பட்டறையில் ஏற்றினார். அலுமினியத்தால் ஆன அந்த வி8, பழைய இரும்பு நான்கு சிலிண்டருக்குக் கிட்டத்தட்ட சம எடை. வண்டி அருமையாக ஓடியது. தயாரித்த நிறுவனமே 1973இல் அந்த வழிக்கு வந்தது. சிசியைவிட எடையும் அது உட்காரும் இடமும்தான் காரியத்தைத் தீர்மானித்தன.

இந்த ரோவர் வி8 நம் கதைக்குள் மீண்டும் வரும். அதற்குமுன் வண்டலூர். சென்னைக்குத் தெற்கே அங்கிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ஆலையில் வான்கார்டு வந்தது, ஹெரால்டு வந்தது, ஸ்டாண்டர்டு 20 வேனும் வந்தது. 1976இல் இங்கிலாந்தில் ரோவர் எஸ்.டி.1 என்ற கார் வெளியாகி, அடுத்த ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த கார் விருதைப் பெற்றது. தாழ்ந்த மூக்கும் சரிந்த முதுகுமாகப் பார்ப்பதற்கு ஃபெராரியை நினைவூட்டும் உடல், அதற்குள் 155 குதிரைச் சக்தி வி8. அந்த உடலைத்தான் 1985இல் வண்டலூர் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே வைத்ததோ வான்கார்டு வழி வந்த நம் 1,991 சிசி எஞ்சின், 83 குதிரைச் சக்தி.

இங்கிலாந்திலும் எஸ்.டி.1க்கு இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டர் வகை இருந்தது. ஆனால் அது புதிய வடிவமைப்பு, நூறு குதிரைச் சக்தி. நம்மிடம் வந்தது நாற்பதுகளின் எஞ்சின். பெட்ரோல் குடித்தது, இழுவை போதவில்லை, விலையோ மேல்தட்டு விலை. 1988இல் ஆலை மூடப்பட்டது. மிஞ்சிய உதிரி பாகங்களை இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டு போனது. கவென்ட்ரியில் புறப்பட்ட எஞ்சினின் பயணம் அப்படித்தான் நின்றது. எஞ்சின்மீது பழி போட எனக்கு மனம் வரவில்லை. தன் வயலிலும் தன் ஸ்போர்ட்ஸ் காரிலும் ராஜாவாக இருந்ததை, அதற்குப் பொருந்தாத உடலில் உட்கார வைத்தவர்களின் முடிவுதான் பிழை.

நம் பக்கத்தில் எஞ்சின் மாற்றம் ஆடம்பரத்துக்கு வந்ததல்ல. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்காரின் டி.வி.எஸ். நிறுவனம், போர்க்காலப் பெட்ரோல் பஞ்சத்தில் கரி எரித்து வாயு உண்டாக்கும் கேஸ் பிளான்ட்டுகளைச் செய்தது. எஞ்சினை அப்படியே வைத்துக்கொண்டு எரிபொருளை மட்டும் மாற்றினார்கள். பிற்காலத்தில் வாடகை அம்பாசடர்கள் டீசலுக்கு மாறியபோது, "அண்ணாச்சி, பெட்ரோல் எஞ்சின எறக்கிட்டு டீசல ஏத்திருவோம், நாலு காசு மிஞ்சும்" என்பது பட்டறைப் பேச்சு. பிழைப்புக்காகச் செய்த அந்த மாற்றத்தை நான் குறைசொல்ல மாட்டேன். இந்துஸ்தான் மோட்டார்ஸே தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பாசடருக்கு 1,817 சிசி இசுசூ எஞ்சினைக் கொடுத்து, கூடவே ஐந்து கியர் பெட்டியும் தந்தது. அது பிடித்துப்போனதற்கு எஞ்சினோடு கியர்பாக்ஸும் வந்ததும் ஒரு காரணம்.

இன்று பழைய கார் வைத்திருப்பவர் பிழைப்புக்காக வைத்திருப்பதில்லை. அவருக்குச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2021 விதிகளின்படி ஐம்பது ஆண்டைக் கடந்த வண்டிக்கு 'வி.ஏ.' என்ற தனிப் பதிவெண் கிடைக்கும். வண்டி பெரிய மாற்றங்கள் இல்லாமல் பழைய வடிவிலேயே இருக்க வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. பெரிய எஞ்சினை ஏற்றியவர் அந்த வாய்ப்பைத் தானே இழக்கிறார்.

அதைவிட, நெல்லை வெயில் இருக்கிறது. சித்திரையில் வண்ணாரப்பேட்டை நெரிசலில் நிற்கும் வண்டிக்குள் பெரிய எஞ்சின் என்றால் பெரிய ரேடியேட்டர் வேண்டும். ரேடியேட்டருக்கு இடம் வேண்டும். இடத்துக்காகத் தகட்டை வெட்ட வேண்டும். வெட்டிய தகடு திரும்ப ஒட்டாது. அந்தச் செலவில் பாதி போதும், பழைய எஞ்சினுக்குப் புது லைனர், ரீகோர் செய்த ரேடியேட்டர், எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ஹோஸ் எல்லாம் போட்டுவிடலாம்.

அம்பையிலோ களக்காட்டிலோ உங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் பழைய வான்கார்டோ ஸ்டாண்டர்டு 2000ஓ நின்றால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஆயில் விட்டு, சில நாள் ஊறிய பின் கிராங்க்கைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் பிளாக்கில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். வேறு எஞ்சின் ஏற்றியே தீர வேண்டும் என்றால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன் அனுமதி கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். இறக்கிய எஞ்சினைக் கிரீஸ் தடவி, தார்ப்பாயில் சுற்றி, அடுத்து வாங்குகிறவருக்கு வண்டியோடு சேர்த்தே கொடுங்கள்.