மில் கணக்கிலிருந்து மத்திய பட்ஜெட் வரை: ஆர்.கே.சண்முகம் செட்டியார்

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைத் தாக்கல் செய்தவர் யார்? காமர்ஸ் படிப்பவர்களிடம் கேட்டாலே பாதிப்பேர் சி.டி.தேஷ்முக் என்பார்கள், மீதிப்பேர் டி.டி.கே. என்பார்கள். இரண்டுமே தப்பு. சரியான விடை கோயமுத்தூர்க்காரரான ஆர்.கே.சண்முகம் செட்டியார். அதைவிடப் பெரிய ஆச்சரியம், அவர் காங்கிரஸ்காரரே இல்லை!

1892-ல் கோவையில் மில் வைத்திருந்த வசதியான வாணிபக் குடும்பத்தில் பிறந்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்தார். கோவை நகராட்சியில் ஆரம்பித்து, 1920-ல் சென்னை சட்டசபை, பிறகு டெல்லியில் மத்திய சட்டசபை என்று வேகமாக மேலே போனார். 1933-ல் அந்த மத்திய சபைக்கே தலைவரானார். 'சர்' பட்டமும் வந்தது.

இந்த வளர்ச்சிக்கு இடையில்தான் அவருடைய வெளிநாட்டு வேலைகளும் தொடங்கின. 1929-ல் ஜெனீவாவில் நடந்த சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டுக்கு இந்திய முதலாளிகள் தரப்பில் போனார். 1932-ல் கனடாவின் ஒட்டாவாவில் பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாடுகளின் பொருளாதார மாநாடு நடந்தபோது இந்தியக் குழுவில் இருந்தார். சாம்ராஜ்யத்துக்குள் வரும் சரக்குக்கு வரிச்சலுகை என்பதுதான் ஒட்டாவா ஒப்பந்தத்தின் சாரம். இது லங்காஷயருக்கு லாபம், நமக்கு நஷ்டம் என்று தேசியவாதிகள் கொதித்தார்கள். 1934 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளரிடம் செட்டியார் தோற்றுப்போனார்.

தேர்தல் கதவு மூடியதும் நியமனக் கதவு திறந்தது. 1935-ல் கொச்சி சமஸ்தானத்தின் திவான் ஆனார். கொச்சித் துறைமுகம் வளர்ந்த காலம் அது. ராபர்ட் பிரிஸ்டோ கடலை ஆழப்படுத்திக்கொண்டிருக்க, நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர் செட்டியார். எர்ணாகுளத்தில் இன்றும் காயலோரம் போகும் சாலையின் பெயர் சண்முகம் ரோடு. மலையாள ஊரில் ஒரு கோவைக்காரர் பெயரில் ரோடு இருப்பதற்குக் காரணம் இதுதான்.

1941-ல் திவான் பதவி முடிந்தது. யுத்த காலத்தில் அமெரிக்காவில் இந்தியாவுக்காகப் பொருள் வாங்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1944-ல் பிரெட்டன் உட்ஸ் மாநாடு. ஐ.எம்.எஃப்., உலக வங்கி இரண்டும் பிறந்த இடம் அது. சர் ஜெரமி ரெய்ஸ்மன் தலைமையிலான இந்தியக் குழுவில் தேஷ்முக், ஏ.டி.ஷ்ராஃப் ஆகியோரோடு செட்டியாரும் இருந்தார். அடிமை நாடாக இருந்தாலும் ஏழை நாடுகளின் வளர்ச்சியைப் பற்றி இந்தியக் குழு விடாமல் பேசியது. ஐ.எம்.எஃப்.-ல் இந்தியாவுக்கு 40 கோடி டாலர் ஒதுக்கீடு கிடைத்தது. அந்த வரிசையில் ஆறாவது பெரிய தொகை அது.

வியாபாரக் குடும்பத்திலிருந்து ஆளை எடுத்து ராஜதந்திர வேலைக்கு அனுப்புவது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. பிட்ஸ்பர்க் மெஸ்டா மெஷின் கம்பெனியின் சொத்துக்கு வாரிசான பெர்ல் மெஸ்டாவை 1949-ல் ட்ரூமன் லக்சம்பர்க்குக்குத் தூதராக அனுப்பினார். எஃகு ஆலைக்கு இயந்திரம் செய்யும் கம்பெனிக்கார அம்மா, எஃகை நம்பி வாழும் நாட்டுக்குத் தூதர்! தொழில் தெரிந்தவர் என்பது பலம். அந்தத் தொழிலோடு உறவு உள்ளவர் என்பது சங்கடம். இரண்டும் ஒரே ஆளிடம்தான் இருக்கும்.

செட்டியார் விஷயத்தில் இந்தச் சங்கடம் டெல்லியில் வெடித்தது.

1947-ல் நேரு மந்திரிசபையில் காங்கிரஸ் அல்லாத அம்பேத்கர், சியாமா பிரசாத் முகர்ஜி ஆகியோரோடு செட்டியாரும் சேர்ந்தார், நிதி மந்திரியாக. அந்த வருடம் நவம்பர் 26-ல் முதல் பட்ஜெட். ஆகஸ்ட் 15 முதல் மார்ச் வரை ஏழரை மாதக் கணக்குதான். வரவு 171.15 கோடி, செலவு 197.39 கோடி, அதில் ராணுவத்துக்கு மட்டும் 92.74 கோடி. பிரிவினை, அகதிகள், காஷ்மீர் என்று நாடு தத்தளித்த நேரம். பெரிய வரி எதுவும் போடவில்லை. போட்ட ஒன்று, பருத்தித் துணிக்கும் நூலுக்கும் ஏற்றுமதி வரி. மில் குடும்பத்திலிருந்து வந்தவர் மில் சரக்குக்கே வரி போட்டார்!

ஆனால் ஒன்பது மாதம்தான் ஆயிற்று. யுத்த காலத்தில் கொள்ளை லாபம் அடித்து வரி ஏய்த்தவர்களைப் பிடிக்க வருமான வரி விசாரணைக் கமிஷன் அமைத்திருந்தார்கள். அதற்கு அனுப்பிய பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டன. நீக்கப்பட்டதில் கோவை மில் முதலாளிகளும் இருந்ததால் சபையில் பெரும் சர்ச்சை. 1948 ஆகஸ்டில் ராஜினாமா செய்தார். அடுத்த பட்ஜெட் ஜான் மத்தாய் கைக்குப் போனது. செட்டியார் 1953-ல் காலமானார்.

மில் சங்கு சத்தத்தில் விடியும் ராஜபாளையம், சேத்தூர் பக்கத்து ஆட்களுக்கு இது புரியும். மில் ஊரில் முதலாளி, உறவினர், நண்பர், ஊர்ப் பெரியவர் எல்லாம் ஒரே வட்டம். அந்த வட்டத்திலிருந்து வந்தவர் கையில் வரிப் பட்டியல் இருந்தால், யார் பெயரை நீக்கினாலும் "நம்ம ஊர்க்காரன்" என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது, தூரமாகவும் இருக்க வேண்டும்.

1964-ல் மத்திய அரசு மந்திரிகளுக்கு நடத்தை விதிகள் கொண்டுவந்தது. பதவிக்கு வருமுன் சொத்துக் கணக்கைக் காட்ட வேண்டும், தொழில் நிர்வாகத்தோடு உள்ள தொடர்பை அறுக்க வேண்டும் என்கிறது அது. செட்டியார் காலத்தில் அப்படி எழுதி வைத்த விதி இல்லை. தொழில் அறிவு அவரை ஜெனீவா, பிரெட்டன் உட்ஸ், டெல்லி வரை கூட்டிப்போனது. அந்தத் தொழிலோடு இருந்த உறவே அவரைத் திரும்பவும் கோவைக்கு அனுப்பியது.